மைதானத்திலிருந்து கூடாரத்துக்கு

பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு திருகோணமலை உட்துறைமுக வீதியால நடந்து போறவர்களுக்கு அந்த அண்ணையைத் தெரியாமல் இருக்காது. பெயர் வேண்டாம், போட வேண்டாமெண்டு அவரே சொல்லிப்போட்டார். கரையோரமா ரெண்டு கல்லை வைச்சு, அதுக்கு மேல ஒரு உடைஞ்ச துடுப்பைக் குறுக்க வைச்சிருப்பார். கழுத்தில ஒரு விசில். பக்கத்தில ரெண்டு நாய். ஒண்டு மண்ணிறம், மற்றது கறுப்பு. ரெண்டும் தெருவில பிறந்து தெருவில வளர்ந்ததுகள். விசில் ஒருக்கா ஊதினால் மண்ணிறம் துடுப்புக்கு மேலால பாயும். ரெண்டு தரம் ஊதினால் ரெண்டும் சேர்ந்து பாயும். கையை நிலத்தில தட்டினால் உருண்டு படுக்கும். ரியூசன் முடிஞ்சு வாற சின்னப் பிள்ளைகள் சைக்கிளை நிப்பாட்டிவிட்டுக் கை தட்டுவினம்.

நாங்கள் அந்தச் சின்னப் பிள்ளைகளின் வயதில் இருந்தபோது அவரை மக்கேய்சர் மைதானத்தில் பார்த்திருக்கிறோம். 400 மீற்றர் ஓட்டக்காரர். கடைசி வளைவில் மற்றவர்கள் முகத்தைச் சுளிக்கும்போது இவர் மட்டும் வாயை மூடிக்கொண்டு ஓடுவார். அது எங்களுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. பிறகு முழங்கால் பிரச்சினை, கலியாணம், கடன். இப்ப ஐஸ் பெட்டி ஏத்தி இறக்கிற வேலை.

போன வருசம் உப்புவெளிப் பக்கத்தில் ஒரு தங்குவிடுதிக்காரர் இவரிடம் கேட்டாராம்: சனிக்கிழமை பின்னேரங்களில் நாய்களைக் கொண்டுவந்து வெள்ளைக்காரருக்கு முன்னால் வித்தை காட்ட ஏலுமா, காசு தருவம். அண்ணை எங்களிட்ட வந்து கேட்டார், "தம்பிமார், நீங்கள் கம்பஸ் படிக்கிற ஆக்கள். இது சரியான வேலைதானோ?"

நாங்கள் ரெண்டாகப் பிரிஞ்சோம். பாதிப் பேர், "இதில என்ன பிழை, ஓடின காலத்தில சல்லி குடுக்காத ஊர் இப்பவாவது குடுக்கட்டும்" எண்டோம். மற்றப் பாதி, "நாயைக் காட்டிப் பிழைக்கிறதோ" எண்டோம். சண்டை முடியவில்லை. கலைப்பீடத்தில் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் வாசிக்கிறது. விளையாட்டை விட்டுவிட்டு மிருகங்களோடு வித்தை காட்டப் போன ஆட்கள் முன்னர் இருந்திருக்கிறார்களா, அவர்களுக்கு என்ன நடந்தது எண்டு தேடத் தொடங்கினோம். கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அகப்பட்டவர் சாதாரண ஆள் இல்லை. ஜிம் தோர்ப். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து நிகழ்ச்சிப் போட்டி, பத்து நிகழ்ச்சிப் போட்டி ரெண்டிலும் தங்கம் வென்றவர். 1887இல் இன்றைய ஒக்லஹோமாவில் பிறந்த அமெரிக்கப் பூர்வகுடி, சாக் அண்ட் பொக்ஸ் இனத்தவர். பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய்மொழியையும் தலைமுடியையும் விடச் செய்து 'நாகரிகப்படுத்த' நடத்தப்பட்ட கார்லைல் பாடசாலையில் படித்தவர். ஒலிம்பிக்குக்கு அடுத்த வருசமே, 1913இல், அவருடைய பதக்கங்களைப் பறித்துவிட்டார்கள். காரணம், 1909, 1910 கோடை காலங்களில் சின்ன பேஸ்போல் குழுக்களில் கொஞ்சச் சம்பளத்துக்கு விளையாடியது. அந்தக் காலத்து ஒலிம்பிக் விதிப்படி காசு வாங்கினவன் விளையாட்டு வீரன் இல்லை. காசு தேவைப்படாதவர்கள் எழுதின விதி அது எண்டு நாங்கள் நினைக்கிறோம்.

அதுக்குப் பிறகு அவர் காசுக்கே விளையாடினார். அமெரிக்க ஃபுட்போல், பேஸ்போல் ரெண்டும். இன்றைக்கு என்எஃப்எல் எண்டு அழைக்கப்படும் சங்கம் 1920இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் இவர்தான். 1922இல் வயது 35. கால் முன்னமாதிரி இல்லை. அப்பதான் வோல்டர் லிங்கோ எண்ட நாய் வியாபாரி வருகிறார்.

ஒஹாயோ மாநிலத்தில் லாரூ எண்ட, ஆயிரம் பேர் கூட இல்லாத ஊரில் லிங்கோவுக்குப் பெரிய நாய்ப் பண்ணை இருந்தது. ஏர்டேல் டெரியர் எண்ட இனத்தை வளர்த்து, 'ஊராங்' எண்ட பெயரில் தபால் வழியே நாடு முழுக்க விற்றார். ஏர்டேல் இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் உருவான நாய். முதலாம் உலகப்போரில் பிரித்தானிய இராணுவம் செய்தி கொண்டுபோகப் பயன்படுத்தியது. ஒரு நாயின் விலை 150 டொலர். ஃபுட்போல் சங்கத்தில் ஒரு குழுவைப் பதிவு செய்ய வேண்டிய கட்டணம் 100 டொலர். அதாவது ஒரு தொழில்முறைக் குழு ஒரு நாயை விட மலிவு. லிங்கோ கணக்குப் போட்டார். குழுவின் பெயர் ஊராங் இந்தியன்ஸ். ஆடினவர்கள் அத்தனை பேரும் பூர்வகுடியினர். பயிற்றுநர் ஜிம் தோர்ப்.

கிழமை நாட்களில் வீரர்கள் பண்ணையில் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். போட்டி நாளில், ஆட்டத்துக்கு முன்னமும் இடைவேளையிலும், நாய்களோடு வித்தை காட்ட வேண்டும். சுடப்பட்ட இலக்குகளை நாய்கள் ஓடிப்போய் எடுத்து வரும். போர்க்களக் காட்சி ஒன்றும் உண்டு: காயப்பட்ட படையாளிடம் ஏர்டேல்கள் மருந்துப் பொருட்களைக் கொண்டு ஓடும். வீரர்கள் இறகுத் தலையணி போட்டு நடனம் ஆடுவார்கள், சிறு கோடரி எறிவார்கள். நிக் லாசா எண்ட வீரர் கரடியோடு மல்யுத்தம் பிடித்தார். இடைவேளையில் தண்ணி குடிச்சு மூச்சு வாங்க வேண்டிய ஆட்கள் கரடியோட மல்லுக்கட்டி, பிறகு திரும்பவும் மைதானத்துக்கு ஓடினால் எப்படி வெல்லுறது? முதல் வருசம் மூன்று வெற்றி, ஆறு தோல்வி. இரண்டாம் வருசம் ஒரு வெற்றி, பத்துத் தோல்வி. லிங்கோவுக்குக் கவலை இல்லை. அவருக்கு வேண்டியது நாய் விற்பனை. 1923 முடிய, கூட்டம் குறைய, குழுவையும் கலைத்துவிட்டார்.

இதை வாசித்தபோது எங்களில் ஒருத்தி சொன்னாள், "அங்க வித்தை காட்டினது நாய் மட்டும் இல்லை." அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. தோர்ப்புக்கு நாய்கள் மேல் பிரியம் இருந்தது, லிங்கோவோடு சேர்ந்து வேட்டைக்குப் போனவர், அதெல்லாம் உண்மை. ஆனால் பார்க்க வந்த சனத்தின் கண்ணில் ஏர்டேலும் 'இந்தியனும்' ஒரே ரிக்கெற்றில் பார்க்கிற ரெண்டு சாமான்.

உலகத்துச் சிறந்த விளையாட்டு வீரன் பிறகு ஹொலிவூட்டில் கூட்டத்தில் ஒருவராக நின்று நடித்தார், பொருளாதார மந்த காலத்தில் கூலிக்குக் கிடங்கு வெட்டினார், இரண்டாம் உலகப்போரில் வணிகக் கப்பலில் வேலை செய்தார். 1950இல் அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் அரை நூற்றாண்டின் தலைசிறந்த வீரர் எண்டு அவரைத் தெரிவு செய்தார்கள். 1953இல் செத்துப்போனார். பதக்கம் அப்பவும் திரும்பி வரவில்லை.

அமெரிக்கா தூரம். எங்களுக்குப் பக்கத்தில் என்ன நடந்தது எண்டு பார்த்தால், மன்னார் வளைகுடாவைத் தாண்டி மலபார்க் கரையில் ஒரு முழு ஊரே விளையாட்டுக்காரரைக் கூடாரத்துக்கு அனுப்பியிருக்குது. அந்த ஊர் தலசேரி.

கதை ஒரு குதிரைக்காரரில் தொடங்குகிறது. விஷ்ணுபந்த் சத்ரே, மராட்டிய நாட்டில் குருந்வாட் சமஸ்தானத்தின் குதிரை லாயத்தைப் பார்த்தவர். இத்தாலியரான கியாரினி தன் சர்க்கஸோடு பம்பாய்க்கு வந்து, இந்தியர்களால் இப்படி ஒன்றை நடத்த முடியாது எண்டு சொன்னதாகவும், சத்ரே அதைச் சவாலாக எடுத்ததாகவும் சர்க்கஸ்காரர் சொல்லுவார்கள். 1880 மார்ச்சில் பம்பாயில் சத்ரேயின் கிரேட் இந்தியன் சர்க்கஸ் தொடங்கியது. அந்தக் கூடாரம் 1880களின் கடைசியில் தலசேரிக்கு வந்தபோது அதைப் பார்த்தவர்களில் ஒருவர் கீலேரி குஞ்ஞிக்கண்ணன்.

குஞ்ஞிக்கண்ணன் களரிப்பயிற்று ஆசான். பாசல் மிஷன் பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியராகவும் இருந்தவர். சத்ரேயிடம் குதிரைகளும் மிருகங்களும் இருந்தன, ஆனால் பாய்ந்து சுழலக்கூடிய உடம்புகள் குறைவு. குஞ்ஞிக்கண்ணனிடம் அந்த உடம்புகள் இருந்தன, காட்ட மேடை இல்லை. ஒருவருக்கு ஒருவர் தேவைப்பட்டார்கள். 1901இல் சிறக்கரையில் குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸுக்கெண்டே ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1904இல் அவரிடம் பழகின பரியாளி கண்ணன் கிராண்ட் மலபார் சர்க்கஸ் எண்டு சொந்தக் கூடாரம் போட்டார். இன்னொரு மாணவர் கயிற்றில் ஆடி 'கண்ணன் பொம்பாயோ' எண்ட பெயரில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புகழ் பெற்றார். 1939இல் ஆசான் இறந்த பிறகும் சீடர்கள் பள்ளியை நடத்தினார்கள். இந்திய சர்க்கஸ்களில் பாதிக்கு மேல் தலசேரிக்காரரின் கையில் எண்டு சொல்லப்படும் காலம் ஒன்று பிறகு வந்தது.

களரியில் பழகினவனும் தோட்டக்கூலிப் பிள்ளையும் சாதியால் ஒதுக்கப்பட்ட வீட்டுப் பெட்டையும் ஒரே கூடாரத்தில் சாப்பிட்டு, ஒரே ரயிலில் ஊர் சுற்றினார்கள் எண்டது சின்ன விசயம் இல்லை. ஊரில் வாசல் தாண்ட ஏலாத ஆள் கூடாரத்தின் உச்சியில் தொங்கினார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்களில் வாசலுக்குச் சொந்தக்காரரும் இருந்திருப்பார்கள்.

இந்தப் பள்ளியின் கடைசிப் பெரிய மாணவர் எண்டு எம். வி. சங்கரனைச் சொல்லலாம். 1924 ஜூனில் தலசேரிக்குப் பக்கத்தில் கொளச்சேரியில் பிறந்தவர். சின்ன வயதில் ஊருக்கு வந்த கிட்டுண்ணி சர்க்கஸைப் பார்த்து மயங்கி, குஞ்ஞிக்கண்ணனிடம் போய்ச் சேர்ந்தார். இரண்டாம் உலகப்போரில் இராணுவத்தில் வயர்லெஸ் பிரிவில் வேலை. போர் முடிய வீட்டுக்கு வந்து, மறுபடி உடம்பைப் பழக்கி, கல்கத்தாவுக்குப் போய் சர்க்கஸில் சேர்ந்தார். அவருடைய திறமை ஹொரிசொன்ரல் பாரில். ஜிம்னாஸ்ரிக்ஸ் போட்டியில் பார்க்கிறோமே, அதே கம்பி. வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்தக் கம்பிக்குப் பதக்கம் இருந்திருக்கும். இங்கே ரிக்கெற் இருந்தது.

1951இல் நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த விஜயா சர்க்கஸை நண்பர் சகாதேவனோடு சேர்ந்து 6,000 ரூபாய்க்கு வாங்கினார். தன் ராசி மிதுனம் எண்டபடியால் ஜெமினி எண்டு பெயர் வைத்தார். 1951 ஆகஸ்ட் 15, குஜராத்தில் பிலிமோரா எண்ட ஊரில் முதல் காட்சி. அங்கிருந்துதான் அவர் 'ஜெமினி சங்கரன்'. ராஜ் கபூரின் 'மேரா நாம் ஜோக்கர்' (1970) படத்தில் வாறது இந்த ஜெமினி சர்க்கஸ்தான். 1977இல் ஜம்போ சர்க்கஸையும் தொடங்கினார். 2023 ஏப்ரலில், 99ஆவது வயதில் கண்ணூரில் காலமானார்.

எங்களுக்கு இதில் முக்கியமாகப் பட்டது வேற. கம்பியில் சுழன்ற உடம்புக்கு முப்பது, முப்பத்தைந்தோடு காலம் முடிஞ்சிடும். கூடாரத்தில் அதுக்குப் பிறகும் ஒரு இடம் இருந்தது. உச்சியில் ஆடினவர் கீழே வந்து வலை பிடிக்கலாம், பிள்ளைகளைப் பழக்கலாம், மிருகங்களைப் பழக்கலாம். புனேக்காரர் தாமு தோத்ரே சின்ன வயதில் சைக்கிள் வித்தை, உடற்பயிற்சி வித்தை எண்டு தொடங்கி, பிறகு சிறுத்தை, சிங்கம் பழக்குகிறவராக மாறி, 1940இல் அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸ் வரைக்கும் போனார். விளையாட்டு ஒரு வாசலை மூடும்போது கூடாரத்துத் துணி இன்னொரு பக்கத்தால் திறந்திருந்தது. எங்கட அண்ணைக்குத் திறந்திருந்தது ஐஸ் பெட்டி மட்டும்தான்.

தமிழில் யோசித்தால் உடனே நினைவுக்கு வாறவர் சாண்டோ சின்னப்பா தேவர். 1915இல் கோயம்புத்தூரில் பிறந்து, ஆலையில் கூலியாக இருந்து, தேகப்பயிற்சி செய்து 'சாண்டோ' ஆனவர். அந்தப் பட்டமே பிரஷ்யாவில் பிறந்து 1904-05 காலத்தில் இந்தியாவைச் சுற்றிப்போன யூஜின் சாண்டோ எண்ட பலசாலியின் பெயர். தமிழில் அது ஒரு சொல்லாகவே ஆகிப்போச்சு. தேவர் முதலில் ஸ்ரண்ட் ஆள். 1956இல் 'தாய்க்குப் பின் தாரம்' மூலம் தயாரிப்பாளர் ஆனார். கதாநாயகன் எங்கட நாவலப்பிட்டியில் பிறந்த எம்ஜிஆர். தேவர் படமென்றால் மிருகம் இருக்கும் எண்டது பிறகு ஊரறிந்த சங்கதி. 1967இல் யானையை வைத்து 'தெய்வச் செயல்' எடுத்தார், ஓடவில்லை. மனுசன் விடவில்லை. அதே கதையை 1971இல் இந்தியில் 'ஹாத்தி மேரே சாத்தி' எண்டு ராஜேஷ் கன்னாவை வைத்து எடுத்தார், நாடே பார்த்தது. 1972இல் திரும்பவும் தமிழுக்குக் கொண்டுவந்து எம்ஜிஆரை வைத்து 'நல்ல நேரம்'. 1977இல் 'ஆட்டுக்கார அலமேலு'வில் ஒரு ஆட்டையே கதாநாயகன் அளவுக்கு உயர்த்தினார். அம்மம்மா இப்பவும் அந்தப் படத்தை ஆட்டுக்காகத்தான் ஞாபகம் வைச்சிருக்கிறா. தேவர் தானே நிண்டு மிருகம் பழக்கினவர் இல்லை, பழக்கினவர்களை வேலைக்கு வைச்சவர். எண்டாலும் உடம்பை நம்பிப் பிழைச்ச ஒருத்தருக்கு, பேசாத உடம்புகள் திரையில் என்ன செய்யும் எண்டது மற்றவர்களை விட முன்னமே விளங்கியிருக்கலாம் எண்டு எங்களுக்குத் தோணுது.

நாய் பழக்கிறதுக்கும் ஓட்டம் பழக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? நாங்கள் நாலைந்து நாள் கல்லுக்கட்டில் குந்தியிருந்து பார்த்தோம். அண்ணை துடுப்பை முதல் நாளே உயரத்தில் வைக்கவில்லை. நிலத்தில் கிடத்தினார். நாய் அதைத் தாண்டி நடந்தால் விசில், உடனே ஒரு துண்டு கருவாடு. பிறகு ஒரு சாண் உயரம். தயங்கினால் திரும்பவும் கீழே. நாய் களைக்க முதல், அது நல்லாச் செய்த இடத்தில் நிப்பாட்டிவிடுவார். "400 மீற்றரை ஒரு நாளும் முழுசாப் பழகிறதில்லை, துண்டு துண்டாத்தான். இதுவும் அப்படித்தான்" எண்டார். புத்தகத்தில் இதுக்குப் பெரிய பெயர் இருக்குது. சின்னச் சின்னப் படியாக நடத்தையை உருவாக்கிறது. உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரிடம் படித்த கெலர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட் தம்பதி 1940களில் இதைத் தொழிலாகவே செய்தார்கள். கோழி, பன்றி, ஆடு எண்டு ஆயிரக்கணக்கான மிருகங்களைக் காட்சிகளுக்கும் விளம்பரங்களுக்கும் பழக்கினார்கள். விசில் அல்லது 'கிளிக்' சத்தத்தின் வேலை, நாய் சரியாகச் செய்த அந்தக் கணத்தை அடையாளம் போட்டுக் காட்டுவது. கருவாடு ரெண்டு செக்கன் பிந்தி வந்தாலும் பரவாயில்லை, விசில் பிந்தக்கூடாது. ஸ்ராட்டிங் துவக்கின் சத்தத்துக்கு இருபது வருசம் காது கொடுத்த ஆளுக்கு அந்த நேரக்கணக்கு சொல்லிக் குடுக்கத் தேவையில்லை.

அதுக்கு முன்னமே ரஷ்ய சர்க்கஸில் விளாடிமிர் துரோவ் (1863-1934) சாட்டையை விட்டு, உணவாலும் அன்பாலும் பழக்கலாம் எண்டு காட்டியிருந்தார். ஆனால் எல்லாக் கூடாரத்திலும் துரோவ் இருக்கவில்லை. பின்னால் என்ன நடந்தது எண்டு ரிக்கெற் எடுத்தவனுக்குத் தெரியாது. அங்குசம், பட்டினி, அடி எல்லாம் இருந்தது.

பிரேலண்ட் தம்பதியிடமிருந்து எங்களுக்கு ஒரு நல்ல கதை கிடைத்தது. 1961இல் அவர்களே எழுதினது. ஒரு ரக்கூனுக்குக் காசுகளை எடுத்து உண்டியலில் போடப் பழக்கினார்கள். ஒரு காசு எண்டால் போடும். ரெண்டு காசு குடுத்ததும் அது போடாமல் ரெண்டையும் ஒண்டோடு ஒண்டு தேய்க்கத் தொடங்கியது, ஆற்றில் பிடித்த இரையின் ஓட்டைத் தேய்த்துக் கழற்றுகிற மாதிரி. தேய்ச்சால் சாப்பாடு இல்லை எண்டு தெரிஞ்சும் தேய்ச்சது. எவ்வளவு பழக்கினாலும் அடியில் இருக்கிற மிருகம் ஒரு நாள் தலை நீட்டும் எண்டு அந்தத் தம்பதி ஒத்துக்கொண்டார்கள். தங்கள் தொழிலின் தோல்வியைத் தாங்களே எழுதினது எங்களுக்குப் பிடிச்சது.

இந்திய சர்க்கஸுக்கு வருவோம். 1998 ஒக்டோபர் 14இல் இந்திய அரசு ஒரு அறிவித்தல் விட்டது: கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஐந்தையும் வித்தைக்குப் பழக்கவோ காட்டவோ கூடாது. சர்க்கஸ்காரர் வழக்குப் போட்டார்கள். 2001 மே 1இல் உச்ச நீதிமன்றம் அறிவித்தல் சரி எண்டது. கூண்டுகளோடு சிங்கங்களும் புலிகளும் வண்டலூர் போன்ற மீட்பு நிலையங்களுக்குப் போயின. அந்தப் பட்டியலில் நாய் இல்லை. அதனால் சிங்கம் நின்ற வட்டத்தில் நாய்க்குட்டிகள் சின்னப் பாவாடை கட்டிக்கொண்டு பின்னங்காலில் நடந்தன. 'சிங்கம் இருக்குது' எண்டு ஊருக்குள் தம்பட்டம் அடிச்ச கூடாரத்துக்கு அது எவ்வளவு பெரிய இறக்கம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

2011 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பு. பிள்ளைகளை சர்க்கஸில் வேலைக்கு வைக்கக்கூடாது. இதைத்தான் நாங்கள் அதிகம் கதைச்சோம். கூடாரங்களில் பிள்ளைகள் அடைக்கப்பட்டு, அடிக்கப்பட்டு, சம்பளமில்லாமல் வேலை வாங்கப்பட்டது வழக்கில் வெளிவந்தது. தீர்ப்பு வேண்டியதுதான், அதில் எங்களுக்குள் வேறுபாடு இல்லை. ஆனால் குஞ்ஞிக்கண்ணனின் பள்ளி முழுக்க முழுக்கச் சின்ன வயதில் உடம்பை வளைக்கிறதில் நின்றது. அது நிண்டுபோக, தலசேரியிலிருந்து கூடாரத்துக்குப் போற பாதையும் நிண்டுது. 2010இல் கேரள அரசு தலசேரியில் ஒரு சர்க்கஸ் அக்கடமி திறந்தும் பழைய காலம் திரும்பவில்லை. ரெண்டு தீர்ப்பும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன: தன் விருப்பத்தைச் சொல்ல ஏலாத ஒரு உடம்பை நீ எப்படி மேடையில் ஏத்துவாய்? பிள்ளைக்குப் பதில் தெரியும், சட்டம் வந்தது. நாய்க்கு?

இலங்கையில் இதுக்கான சட்டம் 1907இல் எழுதப்பட்ட மிருகவதைத் தடைக் கட்டளைச்சட்டம். வெள்ளைக்காரன் காலத்து வண்டி மாடுகளை மனதில் வைத்து எழுதினது, தண்டப்பணம் 100 ரூபா எண்டு போட்டது. எங்கட ஊரில் மிருகம் வித்தை காட்டுகிறதே இல்லை எண்டும் சொல்ல ஏலாது. பிரட்ரிக் கோட்டை மான்கள் பின்னேரங்களில் உல்லாசப் பயணிகளின் கையில் இருக்கிற பாணுக்கு வரிசையில் நிற்குது, படத்துக்குத் தலை குடுக்குது. ஒருத்தரும் பழக்கவில்லை, தானாப் பழகிச்சுது. பொலித்தீனும் சேர்த்துச் சாப்பிடுது.

இன்னொரு பெயரையும் இங்கே வைக்க வேண்டும். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1958 தோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கம் கொண்டுவந்த யாழ்ப்பாணத்தார். ஒலிம்பிக்குக்கும் ரெண்டு முறை போனவர். அமெரிக்காவில் விவசாயம் படித்து, ஆபிரிக்காவிலும் பப்புவா நியூகினியிலும் கற்பித்தார். 2024இல் காலமானார். விளையாட்டுக்குப் பிறகு ஒரு வாழ்க்கை இருக்குது எண்டதுக்கு எங்கட வாத்திமார் சொல்லுற ஆள் இவர்தான். சரி. ஆனால் பாய்ச்சலோடு சேர்த்து அவருக்குப் பல்கலைக்கழகமும் கிடைத்தது. எங்கட அண்ணைக்கு ஓ.எல். எழுதின வருசம் இடம்பெயர்வு. ரெண்டு பேரையும் ஒரே கோட்டில் நிப்பாட்டித் துவக்குச் சுடுறது நியாயமில்லை.

இவ்வளவையும் வாசிச்சுப்போட்டு நாங்கள் போய்ச் சொன்னது இதுதான்: போங்கோ, ஆனால் நாய்களுக்குப் பாவாடை, தொப்பி ஒண்டும் வேண்டாம், கேட்டாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் ஓடினதையும் அவையளுக்குச் சொல்லுங்கோ. வெறும் 'நாய்க்காரர்' எண்டு அறிமுகப்படுத்த விடாதீங்கோ. இதில் எங்களில் ஒருத்திக்கு உடன்பாடில்லை. போகவே கூடாது எண்டுதான் கடைசி வரைக்கும் சொன்னாள். இப்பவும் சொல்லுறாள்.

அண்ணை ஒரு சனிக்கிழமை போனார். நாங்களும் போனோம். ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டிருந்தார்கள், மணலில் கலர் லைற். மண்ணிறம் ரெண்டு தரம் பாய்ந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். கறுப்பு அசையவில்லை. அவருடைய காலுக்குப் பின்னால் போய் நிண்டு, வாலை உள்ளே மடிச்சுக்கொண்டு பார்த்தது. அண்ணை ஒருக்கா விசில் ஊதினார். பொறுத்தார். ரெண்டாம் தரம் ஊதவில்லை. குனிஞ்சு துடுப்பை எடுத்தார். விடுதிக்காரர் "இன்னும் பத்து நிமிசம் இருக்குதே" எண்டு கேட்டார். "அதுக்கு விருப்பமில்லை, விடுங்கோ" எண்டு சொல்லிவிட்டு, பாதிக் காசை மட்டும் வாங்கிக்கொண்டு முச்சக்கர வண்டியில் ரெண்டையும் ஏத்தினார்.

திரும்பி வரும்போது அலஸ்தோட்டத்தைத் தாண்டின பிறகுதான் வாய் திறந்தார்.

"அந்த அமெரிக்காக்காரர், நாய்க் கொம்பனியில இருந்தவர். அவருக்குப் பதக்கத்தைத் திருப்பிக் குடுத்தவையோ?"

1982இல் பாதி குடுத்தவை, இன்னொருவரோடு சேர்ந்து முதலிடம் எண்டு. 2022 ஜூலையில்தான் முழுசா அவருக்கு மட்டும் எண்டு அறிவிச்சவை எண்டோம்.

"பறிச்சது எப்ப?"

"1913."

கறுப்பு அவருடைய மடியில் தலையை வைச்சுப் படுத்திருந்தது. அவர் விரலால கணக்குப் பார்த்தார். "109 வருசம்" எண்டார். பிறகு முச்சக்கர வண்டிக்காரரிடம் மீன் சந்தைப் பக்கம் ஒருக்கா நிப்பாட்டச் சொன்னார், நாய்களுக்குத் தலை வாங்க வேண்டுமாம்.